விதையை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

ஒரு சின்னப் புதிரோடு ஆரம்பிப்போம். கால்குலேட்டர் எல்லாம் வேண்டாம், இரண்டின் அடுக்குகள் தெரிந்தால் போதும்.

ஒரே வயலில், ஒரே நாளில் அறுத்த விதைநெல். நன்றாகக் காயவைத்து, விதைக்குள் இருக்கும் ஈரத்தை 8 சதவீதத்துக்குக் கொண்டு வந்தாச்சு. இப்போது அதை மூன்று பங்காகப் பிரிக்கிறோம்.

முதல் பங்கு, காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் வீட்டுப் பரண் மேல். அங்கே வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ்.

இரண்டாம் பங்கு, பேப்பர் கவரில் மடித்து ஃப்ரிட்ஜில். வெப்பநிலை 5 டிகிரி.

மூன்றாம் பங்கு, காற்றுப் புகாத ஜாடியில் அதே ஃப்ரிட்ஜில், அதே 5 டிகிரியில்.

மூன்றாவதுதான் அதிக நாள் உயிரோடு இருக்கும். இதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். கேள்வி அது இல்லை. முதல் இரண்டில் எது ஜெயிக்கும்? வேகும் பரணா, ஜில்லென்ற ஃப்ரிட்ஜா? பதிலை மனசுக்குள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

விதை தூங்கும், ஆனால் வயசாகும்

காய்ந்த விதையைப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஒரு முளைக்கரு உயிரோடு இருக்கிறது. அது சும்மா இருக்கிற நேரத்திலும் வேதிவினைகள் நடந்துகொண்டுதான் இருக்கும். செல் சவ்வுகளில் இருக்கும் கொழுப்பை ஆக்சிஜன் மெல்ல அரிக்கும். புரதங்கள் சிதையும். டிஎன்ஏ இழைகளில் அங்கங்கே முறிவு விழும்.

நம் உடம்பில் இப்படி ஏதாவது நடந்தால் உடனே ரிப்பேர் வேலை தொடங்கிவிடும். காய்ந்த விதையில் அதற்கு வழியில்லை. ரிப்பேர் செய்யும் நொதிகள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். அதனால் சேதம் அப்படியே சேர்ந்துகொண்டே போகும். விதை நனையும் நாளில்தான் மொத்தப் பாக்கியையும் ஒரேயடியாகத் தீர்க்க வேண்டும். பாக்கி அளவு மீறிப் போயிருந்தால் விதை முளைக்காது.

ஆக, விதையைச் சேமிப்பது என்றால் இந்தச் சேதத்தின் வேகத்தைக் குறைப்பது. அதற்கு நம்மிடம் இரண்டு திருகுகள் இருக்கின்றன. ஒன்று வெப்பநிலை, இன்னொன்று தண்ணீர்.

வெப்பநிலை குறைந்தால் வேதிவினை மெதுவாகும். முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் அர்ரீனியஸ் சமன்பாடு என்று படித்தோமே, அதே கதைதான். தண்ணீரின் வேலை கொஞ்சம் சுவாரஸ்யமானது. விதை காயக் காய, செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பாகு மாதிரி கெட்டியாகும். இன்னும் காய்ந்தால் கண்ணாடி நிலைக்குப் போய்விடும். பாலிமர் படித்தவர்களுக்குக் கண்ணாடி மாறுநிலை வெப்பநிலை ஞாபகம் இருக்கும். தண்ணீர் குறைந்தால் அந்த வெப்பநிலை உயரும். அதாவது, நன்றாகக் காய்ந்த விதை சாதாரண அறை வெப்பநிலையிலேயே உள்ளுக்குள் கண்ணாடியாக இருக்கும். கண்ணாடிக்குள் மூலக்கூறுகள் மிக மிக மெதுவாகத்தான் நகரும். நகர்வது மெதுவானால் வினையும் மெதுவாகும்.

ஹாரிங்டன் போட்ட கணக்கு

இந்த இரண்டு திருகுகளையும் ஒரு எளிய விதியில் அடக்கியவர் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் காய்கறி விதைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹாரிங்டன். அவர் விதி இதுதான்:

விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால், அதன் சேமிப்பு ஆயுள் இரண்டு மடங்காகும்.

வெப்பநிலை 5 டிகிரி குறைந்தால், ஆயுள் இரண்டு மடங்காகும்.

ஈர விதி சுமார் 5 முதல் 14 சதவீதம் வரையும், வெப்ப விதி 0 முதல் 50 டிகிரி வரையும் பொருந்தும். இது தோராய விதிதான். பிற்பாடு 1980-இல் எல்லிஸ், ராபர்ட்ஸ் இருவரும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் இதைவிடத் துல்லியமான சமன்பாடு ஒன்றைக் கொடுத்தார்கள். ஆனால் நம் புதிருக்கு ஹாரிங்டனே போதும்.

முதல் ஜாடியை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 35 டிகிரி, 8 சதவீத ஈரம். இதன் ஆயுள் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஜாடி: 35-லிருந்து 5 டிகிரிக்கு இறங்கியிருக்கிறோம். 30 டிகிரி வித்தியாசம், அதாவது ஆறு படி. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஈரம் மாறவில்லை. ஆகவே ஆயுள் 64 மடங்கு. சூப்பர்!

இப்போது அந்தப் பேப்பர் கவர். குளிரால் கிடைத்த லாபம் இதற்கும் அதே 64 மடங்குதான். ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் காற்று வறண்ட காற்று இல்லை. காய்கறி, மூடாத குழம்பு, அடிக்கடி திறக்கும் கதவு என்று எல்லாமே ஈரத்தைச் சேர்க்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி இருந்தால், பேப்பர் கவரில் இருக்கும் நெல் அந்த ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி 14 சதவீதம் வரை போய்விடும். 8-லிருந்து 14 என்றால் ஆறு படி ஏற்றம். ஒவ்வொரு படிக்கும் ஆயுள் பாதியாகும். 64-ஐ 64-ஆல் வகுத்தால்?

ஒன்று.

அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் கொடுத்ததை எல்லாம் ஈரம் திரும்ப வாங்கிக்கொண்டது. பரணும் ஃப்ரிட்ஜும் சமம்! மாசாமாசம் கட்டும் கரண்ட் பில்தான் மிச்சம்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: குளிர் விதைக்கு நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது குளிர் இல்லை, விதைக்குள் இருக்கும் தண்ணீர்.

இஸ்ரேலில் மசாடா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த ஒரு பேரீச்சை விதை, கிட்டத்தட்ட 2,000 வருஷம் பழையது. 2005-இல் நட்டார்கள், முளைத்தது. அந்த மரத்துக்கு மெதுசேலா என்று பெயர். அங்கே ஃப்ரீசரும் இல்லை, பனியும் இல்லை. சாக்கடல் ஓரத்துப் பாலைவனத்தின் வறட்சி மட்டும்தான் அத்தனை காலம் காவல் இருந்தது.

நம் ஊர்க்காரர்களும் இதைச் சமன்பாடு இல்லாமலே பிடித்து வைத்திருந்தார்கள். வைக்கோல் பிரியில் சுற்றிய விதைக்கோட்டை, சாம்பல் கலந்த பயறு, செம்மண் பூசிய துவரை, கழுத்து குறுகின சுரைக்குடுக்கை. எல்லாமே ஈரத்தையும் பூச்சியையும் தள்ளி வைக்கிற ஏற்பாடுகள்தான். இந்த ஊர் வெயிலில் குளிருக்கு அவர்கள் எங்கே போவார்கள்? கையில் இருந்த இன்னொரு திருகைத் திருகினார்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து வெடிக்காதா?

நியாயமான சந்தேகம். தண்ணீர் நிரம்பிய பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் வெடிக்கும். செல்லும் அப்படித்தானே?

ஈரமான செல் என்றால் ஆமாம். பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடும். ஆனால் நன்றாகக் காய்ந்த தானிய விதையில் மிச்சம் இருக்கும் கொஞ்சம் தண்ணீரும் மாவுச்சத்தோடும் புரதத்தோடும் ஒட்டிக் கிடக்கும். அது படிகமாக உறைகிற தண்ணீரே இல்லை. அதனால் மைனஸ் 18 டிகிரியில் போட்டாலும் அந்த விதைக்கு ஒன்றும் ஆகாது.

உலகம் முழுக்க மரபணு வங்கிகள் இதை நம்பித்தான் இயங்குகின்றன. முதலில் 5 முதல் 20 டிகிரி வரை குளிரான அறையில், மிக வறண்ட காற்றில் விதையை மெதுவாகக் காயவைப்பார்கள். பிறகு அலுமினியத் தாள் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 18-இல் வைப்பார்கள். வரிசையைக் கவனியுங்கள். முதலில் உலர்த்தல், அடுத்து அடைத்தல், கடைசியில்தான் குளிர். டெல்லியில் இருக்கும் தேசிய மரபணு வங்கியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இப்படித்தான் தூங்குகின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த உலக விதைப் பெட்டகத்திலும் இதே முறைதான். அங்கே மலைக்குள் நிரந்தரமாக உறைந்த பாறை இருப்பதால் இயற்கையாகவே மைனஸ் 3, 4 டிகிரி இருக்கும். அதை இயந்திரம் வைத்து மைனஸ் 18-க்கு இறக்குகிறார்கள். கரண்ட் போனாலும் பாறை கொஞ்ச காலம் தாங்கும். நல்ல பேக்கப் டிசைன்!

குளிரே ஆகாத விதைகள்

இதுவரை சொன்னதை நம்பி யாராவது மாங்கொட்டையைக் காயவைத்து ஃப்ரீசரில் போட்டால் அது செத்துப் போகும்.

மா, பலா, ரப்பர், கோகோ, தென்னை. இவற்றின் விதைகள் காய்வதையே தாங்காது. மரத்திலிருந்து விழும்போதே தண்ணீரோடு விழும், விழுந்த கொஞ்ச நாளில் முளைக்கப் பார்க்கும். காயவைத்தால் சாகும். காயவைக்காமல் உறைய வைத்தால் பனிப்படிகம் கிழித்துச் சாகும். இரண்டு பக்கமும் அடி.

காயவைத்துக் குளிரில் வைக்கக்கூடிய விதை, வைக்க முடியாத விதை என்று 1973-இல் இரண்டு வகையாகப் பிரித்தவர் மேலே சொன்ன அதே ராபர்ட்ஸ். பிறகு 1990-இல் காபி விதையை ஆராய்ந்தபோது நடுவில் மூன்றாவது வகை ஒன்று வந்தது. காபி ஓரளவு காய்வதைத் தாங்கும், ஆனால் காய்ந்த பிறகு குளிரில் வைத்தால் சீக்கிரம் கெடும். நம் வேப்பங்கொட்டையும் சிக்கலான கேஸ்தான். சாதாரணமாக வைத்தால் சில வாரங்களிலேயே முளைப்பு குறைந்துவிடும். அதனால் வேம்பு நடுபவர்கள் பழம் உதிர்ந்த சூட்டோடு விதைத்துவிடச் சொல்கிறார்கள்.

மா, பலா ரகங்களை மரமாகத்தான் காப்பாற்ற வேண்டும், தோப்புதான் அவற்றுக்கு வங்கி. அந்தத் தோப்பு மனையாகப் பிரிந்தால் எந்த ஃப்ரீசரிலிருந்தும் அவற்றை மீட்க முடியாது.

முளைக்கும் நேரத்தில் குளிர் வந்தால்?

சேமிப்பு முடிந்தது. இப்போது விதை மண்ணுக்கு வந்துவிட்டது, தண்ணீரும் குடித்துவிட்டது. இனி அதே குளிர் வேறு ஆளாக மாறும். மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

ஒன்று, தாமதம். தக்காளி விதை மண்ணுக்கு வெளியே தலைகாட்ட எத்தனை நாள் ஆகும் என்று ஹாரிங்டன் குழு அளந்த பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 25 டிகிரி மண்ணில் 6 நாள். 20 டிகிரியில் 8 நாள். 15 டிகிரியில் 14 நாள். 10 டிகிரியில் 43 நாள்! ஒவ்வொரு பயிருக்கும் ஓர் அடிமட்ட வெப்பநிலை உண்டு. அதை நெருங்க நெருங்க வேகம் பூஜ்ஜியத்துக்குப் போகும். அந்த 43 நாளும் விதை ஈர மண்ணில் கிடக்கும், பூஞ்சைக்கு விருந்து. ஊட்டியில் ஜனவரி மாதம் தக்காளி விதைத்துவிட்டு "விதை சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

இரண்டு, காயம். பருத்தி, சோயா மாதிரி விதைகள் முதல் சில மணி நேரம் தண்ணீர் உறிஞ்சும்போது அந்தத் தண்ணீர் குளிர்ந்திருந்தால் செல் சவ்வு ஒழுங்காக விரியாது. ஓட்டை விழுந்து உள்ளே இருப்பது வெளியே கசியும். பிறகு சூடு வந்தாலும் முளை வளைந்து நெளிந்து வரும், அல்லது வராமலே போகும். விதை எந்த அளவுக்கு வறண்டிருக்கிறதோ அந்த அளவுக்கு இந்தக் காயம் மோசமாகும். சேமிப்பில் காப்பாற்றிய வறட்சி இங்கே எதிரியாகிறது பாருங்கள்!

மூன்று, அழைப்பு. ஆப்பிள் விதையை எடுத்த உடனே விதைத்தால் முளைக்காது. ஈரமான மணலில் கலந்து 3 முதல் 5 டிகிரியில் இரண்டு, மூன்று மாதம் வைத்தால்தான் எழும். காஷ்மீரில் இலையுதிர் காலத்தில் விழும் விதை உடனே முளைத்தால் பனியில் நாற்று செத்துவிடும். அதனால் "குளிர்காலம் முடிந்ததா" என்று விதை எண்ணிக்கொண்டிருக்கும். குளிரில் இருக்க இருக்க, தூங்கவைக்கும் அப்சிசிக் அமிலத்தின் பிடி தளரும், எழுப்பிவிடும் ஜிப்ரலின் கை ஓங்கும். முக்கியமான விஷயம், விதை நனைந்திருக்க வேண்டும். காய்ந்த ஆப்பிள் விதையை வருஷக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அது ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது. இங்கேயும் கடைசி வார்த்தை தண்ணீருக்குத்தான்.

யூட்யூபில் குளிர்நாட்டுக்காரர்கள் எல்லா விதையையும் ஈரத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது அவர்கள் ஊர் மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும். நம் கத்திரி, மிளகாய், வெண்டைக்கு அது தேவையே இல்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஏதோ ஓர் அவரை, ஏதோ ஒரு நாட்டுச் சுரை, கடையில் கிடைக்காத ஒரு மிளகாய் யாரோ ஒருவர் வீட்டில் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். அந்த ஒரு டப்பா கெட்டால் அந்த ரகம் அந்தத் தெருவில் முடிந்தது. கடையில் வாங்கும் ஹைப்ரிட் விதையைச் சேமித்து விதைத்தாலும் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. ஆகவே அந்த டப்பாவை இப்படிக் காப்பாற்றலாம்:

1. முதலில் காயவையுங்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் போதும். நண்பகல் 12 முதல் 3 மணி உச்சி வெயில் வேண்டாம். ஈர விதையை அதிகச் சூட்டில் போட்டால் கரு வெந்துவிடும்.

2. உப்புச் சோதனை செய்யுங்கள். காய்ந்த ஜாடியில் ஒரு பிடி தானிய விதையும் கொஞ்சம் காய்ந்த உப்புத் தூளும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு ஜாடிச் சுவரில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லை என்றால் அந்த எல்லைக்குக் கீழே. பைசா செலவில்லாத சென்சார்!

3. இன்னும் ஈரத்தை இறக்குங்கள். இந்தியச் சான்று விதைத் தரத்தின்படி நெல்லுக்குச் சாதாரணப் பையில் 13 சதவீத ஈரம் வரை போகலாம், காற்றுப் புகாத உறையில் 8 சதவீதம். தக்காளி, மிளகாய், கத்திரிக்கு முறையே 8, 6. அடைத்து வைக்கும் விதை இன்னும் காய்ந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். துணிப்பையில் விதையைக் கட்டி, அதே எடை சிலிகா ஜெல்லோடு ஜாடியில் ஒரு வாரம் மூடி வைத்தால் போதும். சிலிகா கிடைக்காவிட்டால் அரிசியை நன்றாக வறுத்து, மூடி ஆறவைத்துப் போடலாம். பயறு வகைகளை மட்டும் ரொம்ப ஓட்ட உலர்த்த வேண்டாம்.

4. அடைத்த பிறகே ஃப்ரிட்ஜ். ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடி நல்லது. பேப்பர் கவரில் ரகத்தின் பெயர், தேதி எழுதி ஜாடிக்குள் போடுங்கள்.

5. எடுத்தவுடன் திறக்காதீர்கள். சென்னையில் 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி சுமார் 26 டிகிரி. 5 டிகிரியில் இருக்கும் விதைமேல் அந்தக் காற்று பட்டதும் தண்ணீர் கோர்த்துவிடும், கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில் வியர்ப்பது மாதிரி. ஜாடியை மூடியபடியே ஒரு ராத்திரி வெளியே வைத்து, மறுநாள் திறங்கள். தேவையானதை எடுத்துக்கொண்டு உடனே மூடுங்கள்.

6. வருஷம் ஒரு முறை முளைப்புச் சோதனை. ஈரத் துணியில் 50 விதை வைத்து எண்ணுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், விதைகளின் சாவு நேர்கோட்டில் நடக்காது. ரொம்ப காலம் 98, 97, 95 என்று அசையாமல் நிற்கும். பிறகு சட்டென்று சரியும். அதனால்தான் மரபணு வங்கிகள் முளைப்பு ஆரம்ப அளவில் 85 சதவீதத்துக்குக் கீழே போனதுமே வயலில் விதைத்துப் புது விதை எடுத்துவிடுகின்றன. "இன்னும் பாதி முளைக்குதே" என்று காத்திருந்தால் அடுத்த வருஷம் கையில் ஒன்றும் இருக்காது.

கடைசியாக ஒன்று

சிரியாவில் அலெப்போ அருகே இக்கார்டா என்ற சர்வதேச ஆய்வு மையத்தின் பெரிய விதை வங்கி இருந்தது. போர் வந்து அங்கே வேலை செய்ய முடியாமல் போனது. நல்ல வேளையாக விதைகளின் நகலை ஸ்வால்பார்டில் முன்பே வைத்திருந்தார்கள். 2015-இல் அதைத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். பெட்டகத்திலிருந்து விதை வெளியே போனது அதுதான் முதல் முறை. வாங்கியதை லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-இல் புது விதையைத் திருப்பி வைத்தார்கள்.

இதையே நம் டெல்டாவில் ஃப்ரீசர் இல்லாமல் செய்து காட்டியவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார்கள். அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018-இல் அவர் மறைவதற்குள் 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் இப்படி வயலுக்குத் திரும்பிவிட்டன. ஹாரிங்டன் கணக்கிலும் இரண்டு மடங்கு, இங்கேயும் இரண்டு மடங்கு!

இரண்டும் வேண்டும். குளிர் நமக்குக் கொடுப்பது அவகாசம் மட்டும்தான். எவ்வளவு நன்றாக அடைத்த ஜாடியிலும் கடிகாரம் நிற்பதில்லை, மெதுவாக ஓடுகிறது. அந்த அவகாசம் தீரும் முன் ஜாடியைத் திறந்து, ஒரு பிடியை மண்ணில் போட ஓர் ஆள் வேண்டும்.

இந்த செமஸ்டர் லீவில் அந்த ஆள் நீங்களாக இருக்கலாமே!